இடது முழங்கால் பற்றி மாமா சொன்னது

எடைமேடை அலுவலகம்,
ஜூன் 9

என் அக்கா பெற்ற சிங்கமே,

எடைமேடை, நான், உன் அம்மா மூவரும் சுகம். மூவரில் எடைமேடைக்கு மட்டும் போன வாரம் எண்ணெய் போட்டார்கள். உன் இரண்டு கால்களும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புதுக் கிளப்பில் சேர்ந்துவிட்டாயாமே. ஒன்பதாவது! மற்றவன் ஒரே கிளப்பில் பத்து வருடம் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கிறான். உன்னை ஒன்பது கிளப் போட்டி போட்டுத் தூக்கியிருக்கிறது. இதைத்தான் இங்கே வருகிற லாரிக்காரர்களிடம் சொல்கிறேன். உனக்குத் தெரியாததா? வண்டி மேடையில் ஏறினால் ஓட்டுநர் கீழே இறங்கியே ஆக வேண்டும். எண் அசையாமல் நிற்கும்வரை என் ஜன்னலுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். அதுதான் விதி. எனக்குக் கேட்பவர்களைச் சட்டமே அனுப்பி வைக்கிறது. அவர்களும் பாவம், எங்கே போவார்கள்?

விளையாட்டு நம் ரத்தத்தில் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது உதைத்த ஒரு உதையில் கோல்போஸ்ட் சாய்ந்து, பள்ளிக்கூடத்துக்கே இரண்டு நாள் லீவு விட்டார்கள். அதோடு நானும் படிப்பை நிறுத்திக்கொண்டேன், இதற்கு மேல் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று.

போனில் பேசினால் நீ "ம்" மட்டும் சொல்கிறாய். கடிதத்தில் குறைந்தது நாலு வரியாவது வரும். ஆகவே எழுது.

உன் புகழ் பரப்பும்
மாமா


ஜூன் 20

மாமாவுக்கு,

யாரும் போட்டி போடவில்லை. எட்டு கிளப் என்னை விட்டுவிட்டது. முதல் கிளப்பில் மூன்று வருடம், பதினொரு கோல். நான்காவது கிளப் பாதியில் கலைந்துபோனது. ஆறாவதில் கோச் கடைசிவரை என்னை வேறு பெயர் சொல்லியே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை. மற்றவை இவற்றுக்கு நடுவிலும் பிறகும்.

இங்கே ஆறு மாதம் பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் டிசம்பரில் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். எனக்கு முப்பத்து மூன்று. இந்த வயதில் ஒரு ஃபார்வர்டுக்கு இரண்டு வருடம் தருகிற கிளப் இதுதான் கடைசியாக இருக்கும். இது கிடைத்தால் ஆட்டத்தை நானாக நிறுத்தலாம். கிடைக்காவிட்டால் அவர்கள் நிறுத்துவார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். டிசம்பர்வரை என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

அம்மாவிடம் முழங்கால்வரை வருகிற பழைய சாக்ஸ் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். தடித்த வகை.

அன்புடன்,
மருமகன்


செப்டம்பர் 3

வாயைக் கட்டச் சொன்ன மருமகனுக்கு,

கட்டிவிட்டேன். நானாகப் போய் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டால் பதில் சொல்கிறேன். கேட்ட வாய்க்குப் பதில் சொல்லாமல் இருக்க நான் என்ன சுவரா?

ஞாயிற்றுக்கிழமை உன்னை டிவியில் பார்த்தோம். நாலு வினாடி. பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினாய். அடடா, என்ன கம்பீரம்! எதிர் அணிக் கோல்கீப்பர் அதைப் பார்த்ததும் கையுறையைச் சரி செய்துகொண்டான், நான் கண்ணால் பார்த்தேன். உன் அம்மா, "டேய், அவன் குளிரா இருக்குன்னு குனிஞ்சு உட்கார்ந்திருக்கான்டா" என்றாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது.

இப்போது பெரிய சேதி. இங்கே பன்னிரண்டு வருடமாக ஜல்லி ஏற்றி வந்த மீசைக்காரரை உனக்கு நினைவிருக்கும். மீசையை மட்டும் தனியாக எடை போடலாம் என்று நான் கேலி செய்வேனே, அவர்தான். லாரியை விட்டுவிட்டு ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு பஸ் ஓட்டப் போகிறாராம். எந்தக் கிளப் என்று கேட்டேன். உன் கிளப்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க பையனைப் பார்த்துக்குங்க" என்றேன். "அவரை நாங்க பார்த்துக்கறதா? அவரால தானே பஸ்ஸே ஓடுது" என்றார். பார், ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு விவரம்!

அன்று அவருடைய கடைசி லோடு. எண் நிற்க வழக்கத்தைவிட நேரமானது. சும்மா நிற்கவைக்க முடியுமா? கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்.

சாக்ஸ் ஆறு ஜோடி தனியாக வருகிறது.

வாயைக் கட்டிய
மாமா


நவம்பர் 27

மாமாவுக்கு,

சாக்ஸ் வந்தது. பதினான்கு ஆட்டம், ஐந்து கோல். இரண்டு தலையால், இரண்டு காலால், ஒன்று பெனால்டி. ஒப்பந்தம் எழுதித் தயாராக இருக்கிறது. டிசம்பர் 18 அன்று கையெழுத்து.

அறை பரவாயில்லை. ஜன்னலுக்கு நேரே ஒரு சலவைக் கடையின் பின்பக்கம். நாள் முழுக்க வெள்ளை விரிப்புகள் போய் வருகின்றன. ஒரு மேசை, ஒரு நாற்காலி வாங்கினேன். ஒன்பது ஊரில் இதுவரை நான் நாற்காலி வாங்கியதில்லை.

அன்புடன்,
மருமகன்


டிசம்பர் 19

மாமாவுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினாறாம் தேதி வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். ஜெயித்திருந்தோம். மீசைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தம்பி, அந்த முட்டிக் கதை இவங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார். எனக்கே தெரியாது. எல்லாரும் சொல்லச் சொன்னார்கள்.

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஃபைனல். இடது முட்டி கழண்டு தொங்குது. டாக்டர் ஸ்ட்ரெச்சரோட ஓடி வர்றாரு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? கதவுக் கீலை மாட்டற மாதிரி ஒரே தட்டு. முட்டி உள்ள போயிடுச்சு. எந்திரிச்சுப் போய் அதே கால்ல கோல்! அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த முட்டியோடதான் ஆடறாரு, ஒரு டாக்டர்கிட்டயும் காட்டினதில்ல. இவரு மாமாவே சொன்னாரு, எடைமேடைக்காரர்."

பஸ் முழுக்கக் கை தட்டியது. முன் சீட்டில் இருந்த கோச் மட்டும் திரும்பிப் பார்த்தார். "எந்தக் கால்?" என்றார்.

"இடதுங்க" என்றார் மீசைக்காரர்.

மறுநாள் காலை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். நான் சேரும்போது பார்த்த டாக்டர், உட்கார்ந்து எழச் சொன்னார், அவ்வளவுதான். இந்த ஸ்கேன் டாக்டர் குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் நாற்பது நிமிடம் படுக்க வைத்தார். நேற்று கையெழுத்து நடக்கவில்லை. இனி நடக்காது. ஜனவரி முதல் தேதி அறையைக் காலி செய்ய வேண்டும்.

மீசைக்காரர் அழுதார். அவர்மேல் தப்பில்லை.

மருமகன்


டிசம்பர் 24

என் கண்ணே,

உன் கடிதத்தை நான் படித்து, உன் அம்மா படித்து, மறுபடி நான் படித்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

பயப்படாதே, இதைச் சரி செய்ய என்னால் முடியும். முட்டிக் கதை முழுக்க என் கைச்சரக்கு. அந்த வருடம் நீ எந்த ஃபைனலும் ஆடவில்லை என்பது எனக்குத் தெரியாதா? மீசைக்காரரின் கடைசி லோடு, சாதாரணமாக அனுப்ப மனசு வரவில்லை. எதிரே பார்த்தேன், அலுவலகக் கதவின் கீல் ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்தது கதை. இடது கால் என்றது, வாயில் முதலில் வந்த கால் அது என்பதால்தான்.

இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, அலுவலக முத்திரை குத்தியிருக்கிறேன். "கீழே கையெழுத்திட்ட எடைமேடைக்காரனாகிய நான் ஒரு புளுகன். என் மருமகன் விஷயத்தில் நான் சொன்ன எதுவும் நடந்ததில்லை." சாட்சியாக ஏழு லாரிக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மணல் லாரிக்காரர், "இதுக்கு எழுபது பேர் வேணும்னாலும் கூட்டிட்டு வரலாம்" என்றார். கோச்சிடம் கொடு. தேவையென்றால் நானே வந்து எதிரில் நின்று சொல்கிறேன்.

புளுகனான
மாமா


ஜனவரி 2

மாமாவுக்கு,

வாக்குமூலத்தைக் கோச்சிடம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் பயனில்லை. ஸ்கேனில் இருக்கிறது.

இடது முழங்கால். ஐந்து வருடமாக. எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. ஏழாவது கிளப்பில் ஒரு பயிற்சியில் ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னும் கட்டுப் போட முடியாது. அதனால் அறையிலேயே கட்டி, மேலே தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போவேன். அம்மாவிடம் கேட்ட சாக்ஸ் அதற்குத்தான்.

என்னைப் பற்றி நீங்கள் பன்னிரண்டு வருடமாகச் சொன்னவற்றில் இது ஒன்றுதான் உண்மை. அது உங்களுக்கே தெரியாது.

ஒரு லோடுக்குப் பத்து கிலோ கூட்டி எழுதச் சொன்னால் நீங்கள் எழுத மாட்டீர்கள். யார் சொன்னாலும் மாட்டீர்கள். அதே ஜன்னலில் உட்கார்ந்து என்னை மட்டும் ஏன் கூட்டினீர்கள் என்று தெரியவில்லை. இருந்த எடை போதவில்லையா?

நான் இந்த ஊரிலேயே வேறு இடம் பார்த்திருக்கிறேன். நாற்காலியை எடுத்துப் போகிறேன். கொஞ்ச காலம் எழுத வேண்டாம்.

மருமகன்


பிப்ரவரி 11

மருமகனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அதனால் சேதி மட்டும்.

இன்று முப்பத்தெட்டு லாரி. அம்மா நலம். அலுவலகக் கதவின் கீலை மாற்றிவிட்டார்கள். மணல் லாரிக்காரர் உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்த ஊர்லதான் இருக்கான்" என்றேன். "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன். ஜன்னலுக்குள் கைவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாமா


ஏப்ரல் 6

மருமகனுக்கு,

இன்று நாற்பத்து மூன்று லாரி. அம்மாவுக்கு ஜலதோஷம், சரியாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் யோசித்தேன். முதல் வருடம் நீ எப்படி ஆடுகிறாய் என்று ஒருவர் கேட்டார். "பெஞ்ச்ல இருக்கான்" என்றேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவரிடம், "ரெண்டு கோல்" என்றேன். அவர் நின்றார். அவ்வளவுதான் விஷயம். உன்னைப் பற்றிப் பேசும்போது யாராவது நிற்க வேண்டும் என்று இருந்தது. உன் எடை போதாமல் இல்லை.

பதில் வேண்டாம்.

மாமா


ஜூன் 15

மாமாவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தது.

பார்சல் கிடங்கில் வேலை. பெட்டிகளை ஊர் வாரியாகப் பிரிக்க வேண்டும். நான் ஆடிய ஒன்பது ஊருக்கும் தினமும் பெட்டி போகிறது. முழங்கால் நடக்கப் போதுமானதாக இருக்கிறது.

கிடங்குக்கு ஒரு அணி உண்டு. சனிக்கிழமை மாலை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ஆடுவோம். டாக்டர் ஓடக்கூடாது என்றார், நிற்கக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் ஃபார்வர்டாக நிற்கிறேன்.

போன சனிக்கிழமை எங்களுக்கு ஒரு கார்னர். எல்லாரும் ஓடினார்கள். நான் திரும்பி நின்று, அவிழ்ந்த கட்டைச் சரி செய்துகொண்டிருந்தேன். பந்து என் முதுகில் பட்டு உள்ளே போனது. விசில் கேட்டுத்தான் தெரிந்தது. ஒன்றுக்குச் சுழியம், ஜெயித்தோம். பார்த்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். அதில் பாதி பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

இந்தக் கோல் உங்களுக்கு. எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகன்


ஜூன் 22

என் அக்கா பெற்ற சிங்கமே,

"அன்புடன்" என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு அந்த வார்த்தையை மட்டும் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அவளுக்கே படிக்கத் தெரியும், இருந்தாலும்.

கோல் விஷயம். நேற்று சிமென்ட் லாரிக்காரர் இறங்கி வந்து, "என்னய்யா, மருமகன் என்ன பண்றாரு?" என்றார். நாற்பதாயிரம் பேர் என்று உதடுவரை வந்தது. முதுகைத் தலையாக்கிவிடலாம், கார்னரைப் பறக்கிற பந்தாக்கிவிடலாம், எல்லாம் தயாராக இருந்தது. நீயே கொடுத்த அனுமதி வேறு. ஆனால் ஏனோ நாக்கு எழவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாற்பது பேர். முதுகு. அவன் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதுகாலயா? பார்க்காமலயா? யோவ், கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணும்யா!" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தன் நான் சொன்னதை நம்பவில்லை.

இன்று காலை மரக்கட்டை லாரிக்காரர் வந்து இறங்கும்போதே, "உங்க மருமகன் திரும்பிப் பார்க்காமலே கோல் அடிக்கிறாராமே?" என்கிறார். நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எடையை எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவர் சீட்டு வாங்கிய பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருடத்தில் உன் ஆட்டத்தை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இதை இதுவரை எந்த லாரிக்காரரிடமும் சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொன்றாவது ஆளாக நான் வரட்டுமா? பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

இந்தத் தடவை நீ "ம்" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

மாமா