ஆறாவது கடிதத்தின் கடைசி வரி

1984 நவம்பர் 4, ஞாயிறு

இதை யார் கையில் எடுத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவுக்கு.

விடியும் முன்பே மழை. அப்பா பூசைக்கு வரவில்லை. பழம்பொருள் வைத்திருக்கும் நூதனசாலையில் வாளி வைக்கப் போய்விட்டார். ஆயுத அறையில் ஏழு இடத்தில் ஒழுக்கு. ஒல்லாந்தர் காலத்து வாள்கள், பீரங்கிக் குண்டுகள் எல்லாம் அங்கேதான். கூட்டித் துடைத்தவரைக் கொழும்பில் இருக்கும் திணைக்களம் நிறுத்தி ஒரு வருஷம். இப்போது பொறுப்பாளரும் அப்பா, துடைக்கிறவரும் அப்பா. துருவுக்குப் பூசும் தேங்காயெண்ணெய் எங்கள் குசினியிலிருந்து.

கூரை திருத்தச் சொல்லிக் கொழும்புக்கு இதுவரை ஆறு கடிதம். அப்பாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், அவர் கையெழுத்து வைப்பார். வந்த பதில் ஒன்றே ஒன்று: இவ்வருடம் நிதி இல்லை.

நவ. 6, செவ்வாய்

கணிதச் சோதனை. இரண்டு கணக்குப் பிழைத்துவிட்டது.

அடுத்த ஒழுங்கையில் ஆமி சுற்றிவளைத்து இரண்டு பெடியன்களைக் கொண்டுபோனது. எங்கள் அண்ணைக்குப் பதினெட்டு வயது.

எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் பாயில் சுற்றி இரண்டு துவக்கு. ஒல்லாந்தருடையவை. மரப்பிடி நனைந்து உளுத்துப்போகிறது என்று போன மாதம் அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தவை. அண்ணைக்குப் பகிடி: "உதாலை சுட்டால் சுடுறவன்தான் சாவான்."

அம்மா சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் போடச் சொன்னா. பதிவுப் புத்தகத்தில் தன் கையெழுத்து இருக்கிறதாம், நாளைக்கு வந்து கேட்டால் எதைக் காட்டுவது என்று அப்பா.

"ஆர் வரப்போறாங்கள்? ஓடு மாத்தவே ஒருத்தரும் வரேல்லை" என்றா அம்மா.

அப்பா பாயை இன்னும் இறுக்கிச் சுற்றினார். பாவமாக இருந்தது.

நவ. 8, வியாழன்

மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர்.

எழுதியே தீர வேண்டும். ஆறாவது கடிதத்தின் முடிவில் அப்பா சொல்லாத வரி ஒன்றை நானாகச் சேர்த்தேன். 'கூரை ஒழுகுவதால் இரண்டு துவக்குகளை எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.' வெட்கப்பட்டாவது காசு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பழையவை என்று எழுதவில்லை. நூதனசாலைக்காரருக்குத் தெரியும்தானே. வீட்டு விலாசத்தையும் வடிவாக எழுதினேன்.

அப்பா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். என்னில் அவ்வளவு நம்பிக்கை.

நவ. 9, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. தங்கள் கடிதம் கிடைத்தது. கடைசி வரியில் உள்ள விடயம் பாதுகாப்புப் பகுதிக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.

கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்டார்: "என்னவாம் பிள்ளை?"

"மேலிடத்துக்கு அனுப்பியிருக்கினம், அப்பா."

அது பொய்யில்லை. அதுதான் பெரிய பொய்.

"பாத்தியே, எழுத எழுதத்தான் அசைவாங்கள்" என்றார். பின்னேரம் முழுக்கச் சந்தோஷம். ஓட்டுக்கு அளவு எடுக்க வேண்டுமாம், அண்ணையை நாளைக்கு ஏணி பிடிக்க வரச் சொன்னார். அண்ணை ஓம் என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டு முடிய நேரத்தோடே படுத்துவிட்டார்கள்.

அம்மா கிணற்றில் போடச் சொன்ன அன்றைக்காவது வாய் திறந்திருந்தால் அப்பா ஓம்பட்டிருப்பார். அண்ணையை இரவோடு இரவாக மாமி வீட்டுக்கு அனுப்பலாம். பின்பக்கத்தால் போகலாம். அப்பா அடித்தால் அடிக்கட்டும். இதை மூடிவிட்டு எழுப்பப் போகி

கதவு தட்டுகிறார்கள். முன்கதவு. அண்ணை நித்திரைக் கலக்கத்தில், "நான் திறக்கிறன்" என்று