கோணலாக நிற்கும் லீவர்கள்

செவ்வாய்க்கிழமை, ஜூலை 1996. மாமல்லபுரம், வீடு.

கேப்டனின் வெள்ளைச் சட்டை இன்று காப்பியில் நனைந்தது. நினைக்க நினைக்க இனிக்கிறது.

நான் துணை விமானியாக ஓட்டுவது கிழட்டுச் சரக்கு ஜெட். அதன் நான்கு இன்ஜின்களும் ஒரே பலத்தில் தள்ள வேண்டுமானால், அந்தப் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் நான்கு லீவர்களும் முன்னும் பின்னுமாகக் கோணலாக நிற்க வேண்டும். நேராக வைத்தால் விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். புது ஜெட்டிலிருந்து வந்த இந்தக் கேப்டன் போன மாதம், "லீவரக்கூட ஒழுங்கா வெக்கத் தெரியல" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். மேலிடத்துக்கும் எழுதிப் போட்டார். எனக்கு வரவிருந்த கேப்டன் பதவி நின்றுபோனது.

இன்று சென்னையை நெருங்கி, எங்கள் ஊர்க் கடலுக்கு மேலே வந்தோம். அவர் ஒரு கையில் காப்பியுடன், மறு கையால் லீவர்களை ஒரே கோட்டில் நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. மூக்கு சட்டென்று இடது பக்கம் திரும்பியது. காப்பி முழுவதும் அவர் மேல்.

"இன்னாயா ஆச்சு?" என்று கத்தினார்.

பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கடப்பாக்கத்துக்காரர். "நேரா வெச்சா இப்டித்தான் சார் இஸ்துகினு பூடும்" என்றார்.

நான் லீவர்களைப் பழையபடி கோணலாக்கினேன். மூக்கு நேரானது.

இறங்கியதும் கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத யார்கிட்டயும் சொல்லாத."

"நீங்க என்னப் பத்தி எழுதினது, சார்?"

"அது எழுதினது எழுதினதுதான்."

நாளைக் காலையும் அவரோடுதான் பறக்கிறேன். காப்பியை நானே ஊற்றிக் கொடுப்பேன். விளிம்பு வரைக்கும்.