பேச்சாளர் ஏழு

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் சூட்டிக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் காவலில் நான் சுகம், பிறஷர் குளிசையும் தவறாமல் போடுகிறேன், நீயும் சளி தடிமன் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற மனிசன் இந்தக் காலத்தில் எதற்குப் பேனை பிடிக்கிறார் என்று சிரிப்பாய். போன கிழமை உனக்கு வந்திருக்கிற இரண்டு இடத்தில் எதை எடுக்கட்டும் என்று கேட்டாய், ஆசிய நாடுகளைப் பற்றி அறிக்கை எழுதுகிற கம்பனி வேலையை எடு, பல்கலைக்கழகத்து மூன்று வருட ஆராய்ச்சி இடம் வேண்டாம் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அது உனக்காகச் சொன்னதில்லை பிள்ளை, எனக்காகச் சொன்னது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் வியாழக்கிழமை அங்கே திரும்பிப் போகிற லேனாவின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை, குசினிக் கூரை பழையபடி ஒழுகுகிறது, மேசன் பாஸ் நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டான். தமிழ் பேசிப் பழக இரண்டு மாதம் உன் அறையில் இருக்கட்டும் என்று நீ அனுப்பின உன் வகுப்புத் தோழி லேனா நல்ல பிள்ளை, ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டு வருகிறாள். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் கொட்டாஞ்சேனையைப் படிக்க ஜேர்மனிக்குப் போகிறாளா என்று உன்னை நான் பகிடி பண்ணினது உனக்கு மறந்திருக்காது. அந்தப் பகிடி இப்போது எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

வந்த முதல் நாள் பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து 'இஞ்சாருங்கோ' என்று ஒரு குரல். கோப்பை கையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவளை மாதம்பிட்டியில் அடக்கம் பண்ணி ஆறு வருடம். திரும்பிப் பார்த்தால் லேனா. பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற விதம் அது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அங்கிள் என்று கூப்பிடு என்றேன், மாற்றிக்கொண்டாள். ஆனால் குரல் மாறவில்லை. அதைவிட மோசம், ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தி மெல்ல மூச்சை உள்ளே இழுத்து, பிறகுதான் மிச்சத்தைச் சொல்கிறாள். அம்மாவுக்கு முட்டு வருத்தம் வந்த பிறகு அவள் இழுத்த மூச்சு அது, உனக்குத் தெரியும். உனக்கும் நெஞ்சில் ஏதும் வருத்தமா என்று கேட்டேன், இல்லையாம், விடியக்காலையில் காலிமுகத்திடல் வரைக்கும் ஓடுகிறவள். தமிழை அப்படி மூச்சு இழுத்துத்தான் பேச வேண்டும் என்று நினைத்துப் படித்திருக்கிறாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு மஸாஹிரா வந்து வாசலோடு நின்றுவிட்டாள், எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை. "ஹியூபேட் நானா, றஞ்சிதம் அக்காட சத்தம் கேக்குது உங்கட ஊட்டுல" என்றாள். ரேடியோ என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

கேட்கப் பயந்து பயந்து, போன கிழமைதான் யாரிடம் தமிழ் படித்தாய் என்று லேனாவிடம் கேட்டேன். அவள் போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். முதல் வருடப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சொல்லிப் பழகுகிற ஒலிப்பதிவாம், ஆளின் பெயர் இல்லை, கொழும்பு, பேச்சாளர் ஏழு என்று மட்டும் போட்டிருக்கிறது. இஞ்சாருங்கோ, மழை வருது, உடுப்பை எடுங்கோ என்று அம்மா சொல்கிறாள். தூரத்தில் வாறன், வாறன் என்று ஒரு ஆண் குரல், அது நான். வெயில் எரிக்கிற மத்தியானம் சூட்டி, நான் எழும்பிப் பின்பக்கம் போய்க் கொடியடியில் நின்றேன். கொடியில் ஒரு துணியும் இல்லை. எதற்கு அங்கே வந்தேன் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நீ ஓஎல் சோதனை எடுத்த வருடம் ஒரு ஜேர்மன் ரீச்சர் சனிக்கிழமைகளில் வந்து அம்மாவோடு இருந்து கதைப்பா, நீ ரியூசனுக்குப் போய்விடுவாய், அம்மா அவவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம், அம்மாவின் பேச்சைப் பதிந்து கொண்டுபோகிறா என்று தெரியாது. அவ தந்துவிட்டுப் போன கலண்டர் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே நீ அந்தப் பல்கலைக்கழகத்தையே பிடித்தாய். அங்கே நேராக மேல் வகுப்பில் சேர்ந்தபடியால் ஆரம்பப் பாடம் உன் காதில் விழவேயில்லை. லேனாவும் உனக்கு முன்னால் தமிழ் பேச வெட்கப்பட்டு உன்னோடு ஜேர்மன் பாஷையில்தான் கதைப்பாளாம். மொத்தம் பதினான்கு மணித்தியாலம் இருக்கிறதாம், பாடத்துக்கு எடுத்தது இரண்டுதான். மிச்சம் வேகமான வீட்டுப் பேச்சு, அங்கே ஒருவருக்கும் விளங்காமல் கிடக்கிறதாம். அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதத்தான் அந்த மூன்று வருட இடம். உனக்குக் கிடைத்திருக்கிற இடம்.

ஒலிப்பதிவைப் போட்ட அன்றைக்கே லேனா தன் பயிற்சிக் கொப்பியையும் நீட்டினாள். அம்மாவின் பேச்சைப் பாதியில் வெட்டி, மிச்சத்தைப் பிள்ளைகள் தாங்களாக எழுத வேண்டுமாம். "பெடியனுக்குப் போக விருப்பமில்லை. இவர்தான்" என்று இருக்கிறது, அதற்குப் பிறகு வெறும் கோடு. லேனா அதில் மறிச்சவர் என்று எழுதியிருந்தாள். சரியா அங்கிள் என்று கேட்டாள். நான் எழும்பிப் போய்விட்டேன். அன்று பின்னேரம்தான் நீ போன் எடுத்தாய், நானும் கம்பனி வேலையை எடு என்றேன்.

சூட்டி, அண்ணா தானாக ஆசைப்பட்டு அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறினான் என்று உனக்கும் ஊருக்கும் சொன்னது நான். உனக்கு அப்போது பதின்மூன்று வயது, நம்பிவிட்டாய். றமேஷுக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, சிங்களமும் பாளியும் படித்து மொழிபெயர்ப்பாளனாக வர வேண்டும் என்று நின்றான். பாஷை படித்து யாருக்குச் சோறு கிடைத்தது என்று கத்தினவன் நான், துறைமுகத்தில் பழகின ஒருவனைப் பிடித்து வள்ளத்துக்கு ஒழுங்கு செய்தவனும் நான். மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. அம்மா என் காலைப் பிடித்தாள். வெளிக்கிடுகிற நேரம் சட்டைப் பையில் களனிக் கடிதத்தை வைத்திருந்தான், இதை அங்கே கொண்டுபோய் என்ன செய்யப்போகிறாய் என்று நானே உருவி எடுத்தேன். அந்த வள்ளத்தைப் பற்றி இன்றைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அம்மா உன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, ஆனால் அந்த ஜேர்மன் ரீச்சரிடம் சொல்லியிருக்கிறாள், அது அங்கே உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நீ அதைக் கேட்கக்கூடாது என்று உன்னுடைய வழியையும் மறிக்கப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் படிப்பை மறித்தது போதும். களனிக் கடிதத்தையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், கவனமாகப் பிரி, மடித்த இடம் கிழிந்துபோயிருக்கிறது.

நேற்று லேனாவிடம் கொப்பியைக் கேட்டு வாங்கி, அவள் எழுதின மறிச்சவர் என்பதை வெட்டிவிட்டு, அனுப்பினவர் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் பழக்கத்தில் அதைச் சத்தமாக வாசித்தாள். இவர்தான் என்று சொல்லி நிறுத்தி, அந்த மூச்சை இழுத்து, அனுப்பினவர் என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நான் ஓம் என்றேன்.

பதினைந்தாம் திகதிக்கு முன்னம் அந்த ஆராய்ச்சி இடத்துக்குச் சம்மதம் என்று எழுதிவிடு, மறக்காதே. என்னைப் பற்றி அம்மா என்ன சொல்லியிருந்தாலும் அப்படியே எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னை எந்த நேரமும் காப்பாற்றுவார். கேட்டு முடித்த பிறகும் அப்பா என்று கூப்பிட மனம் வந்தால் ஒருக்கால் போன் எடு.

உன் அப்பா,
ஹியூபேட்