யாரும் பார்க்காத கணக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

நான் நலம். உன் தங்கை வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்; நிரூபணம் இல்லை. இக்கடிதத்தில் வருபவை:

1. பேட்டியில் நடந்தது.
2. நான் சொன்னதன் பொருள்.
3. நான் கணக்குப் போடுவதை நீ பார்த்ததே இல்லை என்பதற்கான நிரூபணம்.
4. திரும்பி வரும்படி வேண்டுகோள்.

நான்காவதை முதலில் வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. மையில் எழுதிவிட்டேன்.

முதலாவது. பரிசு அறிவித்த மறுநாள் வந்த நிருபர், "அந்தச் சமன்பாட்ட எழுதும்போது கூட யார் சார் இருந்தாங்க?" என்று கேட்டார். "யாரும் பாக்கல" என்றேன். அவர் 'தன்னந்தனியாகச் சாதித்த மேதை' என்று அச்சடித்துவிட்டார். மேதை என்றும் நான் சொல்லவில்லை.

இரண்டாவது. யாராவது பார்த்தால் எனக்குக் கூட்டல்கூட வராது. ஆள் இல்லாத அறையிலோ பயம். வழி கண்டுபிடித்தவள் நீதான். கல்யாணமான புதிதிலேயே என் மேசைக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, துப்பறியும் நாவல் படிக்க ஆரம்பித்தாய். நீ இருந்தாய், ஆனால் பார்க்கவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

மூன்றாவது. நான் ஆராயும் இயற்பியலின் அடிப்படையே இதுதான்: நாம் பார்க்காதவரை ஒரு துகளுக்கு இன்ன இடம் என்று ஒன்று கிடையாது, பார்த்த கணமே அதன் பழைய நிலை கலைந்துவிடும். நீ ஒருமுறை திரும்பியிருந்தாலும் நானும் கலைந்திருப்பேன். சமன்பாடோ முடிந்தது. ஆகவே நீ பார்க்கவில்லை.

நான்காவது. வா.

பணிவுடன்,
உன் கணவன்

பிப்ரவரி 15

புரொபசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் தங்கை புருஷன் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது மன்னிப்புக் கடிதமா அக்கா, இல்ல பரீட்ச பேப்பரா?" என்று கேட்டார்.

நான் கோபித்துக்கொண்டு வந்தது 'மேதை' என்று அச்சடித்ததற்காக இல்லை. பேட்டி எடுத்த அன்றைக்கும் நான் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். "இவங்க யாரு சார்?" என்று அந்த நிருபர் பையன் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "அவங்க வழக்கமா அங்கதான் இருப்பாங்க." ஏதோ அலமாரியைப் பற்றிச் சொல்வதுபோல.

அலமாரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பார்த்து உட்கார்ந்த சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி இருக்கிறது. அதில் உங்கள் மேசை முழுக்கத் தெரியும். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வீடெல்லாம் தேடுவது, தாளைக் கிழித்துவிட்டு உடனே பொறுக்கி ஒட்டுவது, விடை வந்தால் சத்தம் வராமல் கை தட்டுவது, எல்லாம் பார்த்தேன். சமன்பாடு முடிந்த அன்று நீங்கள் அழுதீர்கள். நான் பக்கம் புரட்டுவதுபோல் நடித்தேன். அந்த நாவல்களில் ஒன்றில்கூட கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியாது.

இது எந்த நம்பரில் வரும் என்று சொல்லுங்கள். பிறகு வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கமாக அங்கேயே இருந்தவள்

பிப்ரவரி 21

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு,

உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தெரிகிறது. கை தட்டியதையுமா பார்த்தாய்? இரண்டு நாள் வெட்கத்தில் யாருக்கும் பதில் எழுதவில்லை.

பிறகு நிருபருக்கு ஃபோன் செய்தேன்.

"தம்பி, ஒரு திருத்தம் போடணும். என் மனைவி பாத்துட்டுதான் இருந்தாங்க."

"எத சார்?"

"எல்லாத்தையும்."

"அது விஞ்ஞானச் செய்தி இல்லியே சார்."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். நீ அறிந்த ஆள்தானே நான். ஆனால் மறுபடி எடுத்து, "என் ஆராய்ச்சியே அதப்பத்திதான், போடலன்னா நேர்ல வந்து உக்காருவேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறது, நாலாம் பக்கம்.

நீ வந்தால் இனி நேராகவே என்னைப் பார்த்து உட்காரலாம். கூட்டல் வராமல் போனால் போகட்டும், பரிசைத்தான் கொடுத்துவிட்டார்களே.

துகள்களைப் பற்றிச் சொன்னதை மறுபடி சரிபார்த்தேன், அதில் பிழை இல்லை. இத்தனை வருஷம் நீ பார்த்தும் நான் ஏன் கலையவில்லை என்பதற்கு மட்டும் என்னிடம் சமன்பாடு இல்லை. நான்காவது குறிப்பில் மாற்றமில்லை. மூன்றாவது தவறு.

உன்,
மேதை அல்லாதவன்