தலை எண்ணும் நாள்

ஆகஸ்ட் 27, புதன்

இன்று உடுப்பு கொடுத்தார்கள். ஒரு பை, இரண்டு சட்டை, குளிருக்கு ஒரு மேலங்கி. முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர், காலருக்கு உள்ளே மையால் ‘மேரன் ஹாஸ்டெட்லர்’. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளும் என்னைப் போலவே உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்த வாக்-ஆன், பின்னால் நின்றவளும் வாக்-ஆன். துடுப்புப் படகு அணியில் மொத்தம் தொண்ணூற்று ஆறு பெண்களாம். ஒரு படகுக்கு எட்டுப் பேர், சுக்கான் பிடிக்க ஒருத்தி. கொட்டகையில் இருக்கும் படகுகளை எண்ணிப் பார்த்தேன், பாதிப் பேருக்குக்கூடக் காணாது. மாற்றி மாற்றி ஏற்றுவார்களாக இருக்கும்.

அப்பா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "இணையத்துல பார்த்தேன், பட்டியல்ல உன் பேரு இருக்கு. படம்தான் இன்னும் போடல."

படம் வெள்ளிக்கிழமை எடுப்பார்கள். அதுவரை அவருக்குத் தூக்கம் வராது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பயிற்சி இல்லை. துணி துவைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன், போன மார்ச்சில் சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று.

வில்லோ க்ரீக் கல்லூரியில் கூடைப்பந்துக்கு முழு உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள். சின்னக் கல்லூரி, அணியில் பதினான்கு பேர். அங்கே கோச் கெட்டரிங் நேராகக் கேட்டார், நேராகச் சொன்னார். நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அப்போதுதான் ப்ரூயிட் வந்தார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் துடுப்புப் படகுக் கோச்சே எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அப்பா செய்த மாட்டிறைச்சிக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "ஆறடி ஒரு அங்குலம்! உனக்குப் பந்து எதுக்கும்மா, துடுப்பைப் பிடி. உதவித்தொகை இப்போதைக்கு இல்ல. ஆனா நீ கதவைத் தட்டிக்கிட்டு வர்ற வாக்-ஆன் இல்ல, நானா கூப்பிட்டு வர்ற வாக்-ஆன். உனக்குத் தகுதித் தேர்வு கிடையாது. பட்டியல்ல உன் பேரு இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. அடுத்த வருஷம் உதவித்தொகையைப் பத்திப் பேசுவோம்."

காகிதம் எதுவும் இல்லை. காகிதமெல்லாம் உதவித்தொகைக்காரர்களுக்குத்தான், வாக்-ஆன்களுக்குக் கை குலுக்கல். இங்கே எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். மறுநாளே பல்கலைக்கழகத் தொப்பி போட்டுப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டேன். கெட்டரிங்குக்கு நாலு வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அப்பா லாரியின் பின்கண்ணாடியில் பல்கலைக்கழக ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, சாலையைக் கடந்து போய் நின்று பார்த்தார்.

சரியாகத்தான் முடிவெடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு வாரத்தில் நாலே தடவைதான் தண்ணீரில் இறங்கினேன். மற்ற நாளெல்லாம் துடுப்பு மெஷின்தான். கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி இழு, இழு, இழு.

என் அறைத்தோழி யோலாவும் வாக்-ஆன், இரண்டாம் ஆண்டு. பக்கத்து மெஷினில் சாவகாசமாக இழுத்துக்கொண்டு, "ஏன்டி இப்படி உயிரை விடறே? அது எங்க ஓடிடப் போகுது?" என்கிறாள். இவளை எப்படி இரண்டாம் வருஷமும் வைத்திருக்கிறார்கள்?

செப்டம்பர் 18, வியாழன்

உள்ளங்கைத் தோல் முழுக்க உரிந்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

துடுப்பு மெஷினில் இரண்டாயிரம் மீட்டர் சோதனை. தொண்ணூற்று ஆறு பேரில் நாற்பத்தொன்றாவது ஆளாக வந்தேன்! ஒரு மாதம் முன்னால் துடுப்பைத் தொட்டதே இல்லை. எனக்குப் பின்னால் உதவித்தொகைக்காரிகளே ஒன்பது பேர்.

ப்ரூயிட் முதுகில் தட்டினார். அக்டோபர் நாலாம் தேதி, சனிக்கிழமை, முதல் போட்டி. யார் படகில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எல்லாரும் உடுப்போடு வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். காய்ச்சலில் கிடப்பவளைக்கூட வரச் சொல்லிவிட்டார். விலகிக்கொள்கிறேன் என்று போய் நின்ற இரண்டு பேரிடம், "இன்னும் ஒரு வாரம்தான், பொறுத்துக்கோங்க. அந்தச் சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் உங்க இஷ்டம்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சியிருக்கிறார்.

நம் மேல் எவ்வளவு அக்கறை என்று நான் யோலாவிடம் சொன்னேன். அவள் காலுறையைத் தேடப் போய்விட்டாள்.

அப்பா அன்றைக்கு வருகிறாராம்! சோள அறுவடையை நடுவில் விட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு. பள்ளியில் கூடைப்பந்து போக, அறுவடை மாதங்களில் நான் வாலிபாலும் ஆடினேன். அந்த நாலு வருஷமும் ஒரு வாலிபால் ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. அறுவடைக் காலத்தில் செத்தால்கூட வர மாட்டார் என்று அம்மா இருந்தவரை சொல்வாள்.

அக்டோபர் 4, சனி

படகில் ஏறவில்லை.

படகில் ஏறுபவர்கள் செருப்பைப் படகுத்துறை மேடையிலேயே கழற்றிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது யாராவது அதை எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும். அந்த யாராவது நான். காலையிலிருந்து பிளாஸ்டிக் கூடையில் செருப்பு சுமந்தேன். எண்ணெய் போட்டுச் சீவிய கூந்தல், மடிப்புக் கலையாத உடுப்பு, கையில் ஒன்பது ஜோடி செருப்பு.

அப்பா படமாக எடுத்துத் தள்ளினார். "அந்தப் பக்கம் திரும்பு. முதுகுல இருக்கிற பேரு தெரியட்டும்." அவர் கண் கலங்கியிருந்தது. உன் படகு எப்போது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் மேல் அவ்வளவு பாசம் வந்தது எனக்கு.

அக்டோபர் 7, செவ்வாய்

மின்னஞ்சல். ‘அணியின் அளவைச் சீரமைக்கிறோம்.’ முப்பத்து நாலு பெயர். ஆங்கில அகரவரிசையில் பதிமூன்றாவது நான். வியாழக்கிழமைக்குள் உடுப்பைத் திருப்பித் தர வேண்டும். துவைத்துத் தர வேண்டுமாம்.

அக்டோபர் 8, புதன்

ப்ரூயிட் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன், அழுதேன்.

"நாப்பத்தொண்ணாவது ஆளா வந்தேன் கோச். எனக்குப் பின்னால வந்தவங்கெல்லாம் இருக்காங்களே."

"அவங்க உதவித்தொகையில வந்தவங்கம்மா. கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"நீங்க எங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்க."

"என்ன சொன்னேன்? பட்டியல்ல பேரு இருக்கும்னு சொன்னேன். இருந்துச்சா இல்லையா?"

இருந்தது. ஆறு வாரம் இருந்தது. அந்த மனுஷன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அறைக்கு வந்ததும் யோலா கதவைச் சாத்தினாள். "உன்னைப் படகுல ஏத்தறதுக்குக் கூப்பிடலடி, எண்ணறதுக்குக் கூப்பிட்டாங்க. கால்பந்துல பசங்க நூறு பேருக்கு மேல. அதுக்கு ஈடா பொண்ணுங்களையும் காட்டணும்னு சட்டம். முதல் போட்டி அன்னிக்குப் பட்டியல்ல எத்தனை தலையோ, அதுதான் மேல போற கணக்கு. எண்ணி முடிச்சாச்சு. நல்லா அல்வா குடுத்துட்டாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷமே."

"வாயைத் திறக்கலையேடி!"

"திறந்திருந்தா அந்த முப்பத்து நாலு பேர்ல என் பேரும் வந்திருக்கும்." பிறகு மெதுவாக, "என்னைத் திட்டிக்கோ" என்றாள்.

திட்டத் தெம்பில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஒப்புக்குச் சப்பாணி. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களே, பிடித்தாலும் அவுட் இல்லை, ஓடினாலும் கணக்கில்லை—அதுதான் நான். இல்ல, அதுகூட இல்ல. அந்தப் பிள்ளை அழக் கூடாதேன்னாவது சேர்த்துப்பாங்க. என்னை எதுக்கு சேர்த்தாங்க? கை தோல் உரியுற வரைக்கும் இழுத்தேனே, அதை ஒருத்தனாவது பார்த்தானா? காய்ச்சல்காரியைக் கூப்பிட்டப்பவே எனக்கு உறைச்சிருக்க வேணாமா? அக்கறையாம் அக்கறை!

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டிக்கரை எப்படிக் கிழிப்பார்?

அக்டோபர் 20, திங்கள்

வெட்கத்தை விட்டுக் கோச் கெட்டரிங்கைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"உன் இடத்துக்கு வேற பொண்ணு வந்துட்டாம்மா, உதவித்தொகை இல்ல" என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு, "ஆனா ஒண்ணு புரியல. நான் ஏப்ரல்லயே உங்க அப்பாகிட்ட சொன்னேனே. அக்டோபருக்கு அப்புறம் எத்தனை பேரை வெச்சிருப்பீங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க, முதல் போட்டியோட கழிச்சுக் கட்டிடுவாங்கன்னு. அவரு உன்கிட்ட சொல்லலையா?"

சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் மானத்தை நான் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

அக்டோபர் 21, செவ்வாய்

அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

எடுக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன். நன்றி நாள்

நன்றி நாள் விருந்துக்கென்று ஊருக்கு வராமல் இருந்திருக்கலாம்.

கூடத்தில் என் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இடுப்புக்கு மேலே மட்டும். செருப்புக் கூடையை வெட்டிவிட்டார்.

அவர் வான்கோழியை அறுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "கோச் கெட்டரிங் உங்களைக் கூப்பிட்டாங்களா?"

கத்தி நிற்கவில்லை. "கூப்பிட்டாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வில்லோ க்ரீக் போயிருப்பே."

"ஆமா, போயிருப்பேன்! ஆடியிருப்பேன்!"

"அந்தக் கல்லூரி பேரு யாருக்கும்மா தெரியும்? நானும் என் அண்ணனும் அந்தப் பெரிய பல்கலைக்கழக வாசல்ல கால் வெச்சதில்ல. நம்ம வீட்லேருந்து ஒருத்தி அந்தச் சட்டையைப் போட்டு நிக்கணும்... ஒரு நாளா இருந்தாலும்."

ஒரு நாளா இருந்தாலும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அந்த ஒரு நாள்தான்னு தெரிஞ்சுதான் அறுவடையை விட்டுட்டு வந்தீங்களா?"

அவர் ஒரு துண்டு எடுத்து என் தட்டில் வைத்தார், எனக்குப் பிடித்த தொடைப் பகுதி. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ப்ரூயிட் ஊரான். யோலா தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். இவர் என் அப்பா.

டிசம்பர் 9, செவ்வாய்

கெட்டரிங்கே கூப்பிட்டார். "ஜனவரியில வந்து சேரு. வாக்-ஆனாதான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிடப் பார்த்தேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். "பதினஞ்சாவது ஆள் நீ. இந்த வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்தான். யாராவது விழுந்தா உன்னை இறக்குவேன், விழலைன்னா இல்ல. உதவித்தொகை வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். யோசிச்சு சொல்லு."

யோசிக்கவில்லை. சரி என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

லாரியில் சாமான் கொண்டுபோய் இறக்குகிறேன் என்றார் அப்பா. பேருந்தில் வந்தேன். நாலு மூட்டை, இரண்டு வண்டி மாறி.

பிப்ரவரி 6, வெள்ளி

இரண்டு பேருக்குக் கணுக்கால் சுளுக்கு. காலைப் பயிற்சி முடிந்ததும் கோச் என்னை நிறுத்தி, "நாளைக்கு உன்னை இறக்கறேன்" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடமிருந்து செய்தி. ‘நாளைக்கு ஆட்டம்னு போட்டிருக்கு. இப்ப வயல்ல வேலை இல்ல. வரட்டுமா?’

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: ‘வேண்டாம். நான் பெஞ்சுலதான் இருப்பேன்.’

பிப்ரவரி 7, சனி

பதினொரு நிமிடம் ஆடினேன். ஆறு புள்ளி. கடைசிக் கூடை போட்டபோது யாரோ ஒரு அம்மாள் என் பெயர் தெரியாமல், சட்டை எண்ணைப் பார்த்து "பதினஞ்சு! பதினஞ்சு!" என்று கத்தினார்.

அப்பா எப்படிப் போச்சு என்று கேட்டிருந்தார். அணி ஜெயித்தது என்று மட்டும் பதில் அனுப்பினேன்.