நீல வண்டியின் அடியில் ஆறு கறைகள்

மே மாதம், மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள வீடார் அண்ணாவுக்கு,

இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா வலது மணிக்கட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். நீயும் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, அந்த நியூசிலாந்துக் குளிர் தொடங்குவதற்குள் நல்ல காலுறை வாங்கிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இது உண்மையில் அப்பா உனக்கு எழுதும் கடிதம். ஏப்ரல் முதல் வாரம் தபால்பெட்டிக்குப் போன வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால், அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு நான் உட்கார்ந்தேன். ஆனால் நாலு வரி சொன்னதும், 'மீதிய நீயே எழுதிடு தூவா, உனக்குத்தான் எல்லாம் வரிசையாத் தெரியும், நான் சொன்னா என் பக்கமாவே சொல்லிடுவேன்' என்று எழுந்து போய்விட்டார். அவர் சொன்ன நாலு வரி இவைதான்: மகனே, ஏரியில் பனி உடைந்துவிட்டது. நீல வண்டி வெளியே வந்துவிட்டது. உன் அம்மா ஓட்டினாள். நடந்ததை உன் தங்கை எழுதுவாள், அதில் என்னைப் பற்றி வருவதெல்லாம் உண்மைதான்.

அம்மா ஓட்டினாள் என்பதைப் படித்ததும் நீ நாற்காலியிலிருந்து எழுந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக அந்தச் சாவி அப்பாவின் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை. அம்மா தினமும் வயதானவர்களைக் கவனிக்கும் வேலைக்காகப் பனியிலும் இருட்டிலும் நூறு கிலோமீட்டர் நம் சாதாரணக் காரை ஓட்டுகிறாள், அதற்கு அப்பா ஒன்றும் சொல்வதில்லை, நீல வண்டி என்றால் மட்டும் அவளிடம் 'அதோட கிளட்ச் கொஞ்சம் ஒரு மாதிரி, குன்னெல்' என்பார். இந்த வருடம் கை உடைந்ததும் மே முதல் தேதி ஏரிக்கரைக்குப் பழைய வண்டிகளெல்லாம் போகும்போது நம் வண்டி மட்டும் கொட்டகையில் நிற்குமே என்ற கவலை அவருக்குக் கைவலியைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்து அம்மாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ரொட்டியைத் தின்றார். அம்மா சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

கொட்டகைக் கதவைத் திறந்த அன்று, வழக்கம்போல அட்டை படிக்கும் சடங்கு நடந்தது. நீ இருந்தபோது நீயும் அப்பாவும் பக்கத்து வீட்டுப் பொர்யேவும் படிப்பீர்கள், என்னை வீட்டுக்குள் அனுப்பிவிடுவீர்கள், அதனால் இந்த முறை நான் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். இலையுதிர் காலத்தில் வண்டிக்கு அடியில் விரித்த, குளிர்பெட்டி வந்த பெரிய அட்டையில் மொத்தம் ஆறு கறைகள். எல்லாவற்றுக்கும் எண் போட்டேன், அம்மா ரொட்டி சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாளை மேலே விரித்து அப்படியே வரைந்து எடுத்தேன், ஒவ்வொன்றிலும் ஒரு காபி வடிதாளை ஒற்றி நிறத்தையும் மணத்தையும் எழுதி வைத்தேன். பச்சையாகத் தித்திப்பு வாசனையோடு இருந்தது ரேடியேட்டர் தண்ணீர். கறுப்பு இரண்டும், கதவுப் பக்கம் ஒன்று, உள்சுவரோரம் ஒன்று, எஞ்சின் எண்ணெய். நடுவில் இருந்தது கியர்ப்பெட்டியிலிருந்து. நாலாவது கெட்டியாக, அழுகிய முட்டை மாதிரி நாறியது. ஆறாவதற்கு நிறமே இல்லை, உள்ளே நுழையும்போது கதவுக்குப் பக்கத்தில் இடதுபுறம், முன்சக்கரத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவு. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, 'இது உன் பூட்ஸ்லேருந்து உருகின பனி, அதுக்கும் நம்பர் போட்டுட்டியா?' என்றார். பொர்யே சிரித்து, 'அறுபது வயசு வண்டிடா இது, ஆறு சொட்டோட விட்டிருக்குன்னா உன்மேல பாசம்தான்' என்றார். பழைய வண்டி குளிர்காலம் முழுக்க நின்றால் ரப்பரெல்லாம் காய்ந்து சுருங்கும், ஓட ஆரம்பித்தால் எண்ணெய் பட்டு மறுபடி உப்பிக் கசிவு தானாக நிற்கும் என்று இரண்டு பேரும் மாறி மாறி எனக்கு விளக்கினார்கள். அது பொய்யில்லை, நூலகப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் எல்லாக் கசிவும் அப்படி நிற்கும் என்று அதில் போடவில்லை.

ஆறாவது கறை எனக்குப் பிடிபடவே இல்லை அண்ணா. தண்ணீராக இருந்தால் வடிதாள் மறுநாள் காய்ந்திருக்க வேண்டும். நாலு நாள் ஆகியும் அது கண்ணாடி மாதிரி ஈரமாகவே இருந்தது, விரலில் தேய்த்தால் வழுக்கியது. அந்த இடத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்த என் பழைய சிவப்புச் சறுக்குவண்டியின் கால் அதன்மேல் பட்டிருந்தது, அங்கே மட்டும் பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்திருந்தது. வண்டியில் ஓடுகிற திரவங்களில் பெயின்டை இப்படித் தின்பது பிரேக் எண்ணெய். அப்பாவிடம் சொன்னேன். அவர் இடது கையில் டார்ச்சைப் பிடித்து முன்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கக் காட்டினார், உண்மையிலேயே அது காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது. பிரேக் எண்ணெய்க் குப்பியும் விளிம்புவரை நிறைந்திருந்தது. 'பாத்தியா? இப்போ என்ன சொல்றே, டாக்டரம்மா?' என்றார். சரிதானே என்று நானும் போய்விட்டேன், ஆனால் தூங்க முடியவில்லை, நாலாவது கறையும் உறுத்தியது. அழுகிய முட்டை நாற்றம் பின்சக்கரங்களை இணைக்கும் பின்னச்சின் எண்ணெய்க்குத்தான் உண்டு, அது எப்படி எஞ்சினுக்கு அடியில் விழும்? காலையில் போய், குப்பியை எப்போது நிரப்பினீர்கள் என்று கேட்டேன். 'கதவத் திறந்த அன்னைக்கே, எல்லாத்தையும் நிரப்பிட்டேன், வருஷா வருஷம் செய்றதுதானே.' அதற்கு முன் எவ்வளவு இறங்கியிருந்தது என்று கேட்டேன். 'யார் பாத்தா? ஊத்தினேன், நிறைஞ்சது' என்றார்.

இதையெல்லாம் அடுக்களையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மாவுக் கையோடு வந்து கதவருகில் நின்றாள். 'இருபத்தாறு வருஷமா ஒழுகிச்சு, யாரும் கவலைப்படல. நான் ஓட்டப்போற வருஷம் மட்டும் பிரேக்கா? அப்பாவும் பொண்ணும் சேந்து கண்டுபிடிச்சீங்களோ?' என்றாள். அப்பா, 'நான் ஒண்ணுமே சொல்லலயே, நான்தான் தண்ணின்னு சொல்றேனே' என்றார். 'நீ சொல்லமாட்டே சிக்ஸ்டன், நீ அவளச் சொல்ல வெப்பே' என்றாள் அம்மா. அப்புறம் என்னைப் பார்த்து, நான் பயந்தவளாக வளர்வதை அவள் விரும்பவில்லை என்றாள். அது எனக்கு ரொம்ப வலித்தது அண்ணா. நான் பயப்படவில்லை, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுதும்போது யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் பயமும் இருந்தது. சர்ச் சரிவு எப்படி இறங்கும் என்று உனக்குத் தெரியும், கடைசியில் படகுத்துறை, அதற்கப்புறம் ஏரி. முதல் தேதி அங்கே ஊரே நிற்கும். நீல வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய், ஓர் இடத்தில் போனால் நாலும் போகும் என்று புத்தகத்தில் தனிக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்.

ஏப்ரல் முப்பதாம் தேதி மத்தியானம் பொர்யே சாயங்காலம் வசந்தத்தை வரவேற்க ஊரார் மூட்டும் தீக்குக் காய்ந்த கிளைகள் கேட்டு வந்தார், அம்மா காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாள். அவரிடம் என் பேக்கிங் தாளைக் காட்டி, நாலாவது கறை ஏன் முன்னால் இருக்கிறது என்று கேட்டேன். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தாளை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இது எந்த மாசத்துக் கறை? ஏன்னா பிப்ரவரியில நாமதான் வண்டியத் திருப்பி வெச்சோமே' என்றார். அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கூரையில் பனி ஏறிக் கொட்டகை முனகியபோது, வண்டியை முற்றத்துக்குத் தள்ளிவிட்டுப் பனியை வாரினார்களாம், பிறகு பனிக்கட்டித் தரையில் எது சுலபமோ அப்படி, அதுவரை முகம் உள்ளே பார்த்து நின்றதைப் பின்பக்கமாக உள்ளே தள்ளிவிட்டார்களாம். நான் அன்று பள்ளியில் இருந்தேன். அட்டை மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கிறது. 'சிக்ஸ்டன், நீ இத மறந்துட்டா என்னத்த அட்டை படிச்சே?' என்று பொர்யே கேட்டார். 'நீயும்தானே பக்கத்துல நின்னு படிச்சே?' என்றார் அப்பா. நான் அவர்கள் சண்டை முடியும்வரை இருக்கவில்லை. வண்டி இப்போது நிற்கும் நிலையை மனதில் வைத்துக்கொண்டு தாளை மேசைமேல் தலைகீழாகத் திருப்பினேன். நாற்றமடித்த நாலாவது கறை நேராகப் பின்னச்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. சுவரோரத்துக் கறுப்பு எஞ்சினுக்கு அடியில் போனது. ஆறாவது, பின்பக்கத்து இடது சக்கரத்துக்குப் போனது. அந்தச் சக்கரம் இப்போது கொட்டகையின் உள்மூலையில், பனி டயர்களை அடுக்கி வைத்திருக்கும் இருட்டில் இருந்தது, அங்கே யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவேயில்லை.

நாலு பேரும் கொட்டகைக்குப் போனோம். பொர்யே டயர்களை இழுத்துப் போட்டார். சக்கரத்தின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழே நத்தை போன தடம் மாதிரி ஒரு பளபளப்பு, கீழே அட்டையில் இன்னொரு நிறமில்லாத கறை, ஏழாவது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். அம்மா குனிந்து பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். 'கல்லு மாதிரி நிக்குது' என்றாள். அப்படியே மிதித்துக்கொண்டே இருங்கள் என்றேன். இருபது எண்ணும்வரை ஒன்றும் இல்லை, அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவள் முகம் மாறியது. அவள் கால் மெதுவாக, அவள் மேலும் அழுத்தாமலேயே, தரைவரைக்கும் போய்விட்டது. அப்பா ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். 'நீ கேட்ட வருஷமெல்லாம் குடுக்கல குன்னெல். குடுத்த வருஷம் இத குடுத்திருக்கேன்' என்று இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா இறங்கி வந்து அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த சிலந்தி வலையை எடுத்துவிட்டு, 'அழறத அப்புறம் வெச்சுக்கலாம், ஜாக்கி எங்க இருக்கு?' என்றாள். என்னிடம் மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை, ஆனால் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது டார்ச் பிடிக்க என்னைத்தான் கூப்பிட்டாள்.

மே முதல் தேதி ஊர் வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு போனபோது நாங்கள் கொட்டகையில் இருந்தோம். உள்ளே இருந்த சின்ன உருளையில் துருப்பிடித்துக் குழிகள் விழுந்திருந்தன, ரப்பர் வளையம் விரலில் பொடியாகிவிட்டது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா இரண்டு பக்கமும் புதுசு போட வேண்டும் என்றார், தபாலில் வரப் பத்து நாள் ஆனது. ஒவ்வொரு திருகையும் அவர் சொல்ல, அம்மாதான் முடுக்கினாள், பொர்யே சரிபார்த்தார். இடையில் அப்பா இரண்டு முறை, 'இல்ல குன்னெல், அந்தப் பக்கம்' என்றார், மூன்றாவது முறை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

இன்று காலை போனோம். கூட்டம் இல்லை, வண்டிகள் இல்லை, ஏரியில் இரண்டு வாத்துகள் மட்டும். கிளம்புவதற்கு முன் அம்மா பிரேக்கை மிதித்து அறுபதுவரை வாய்விட்டு எண்ணினாள், கால் அசையவில்லை. நான் அவள் பக்கத்தில், அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முதன்முறையாகப் பின்சீட்டில். கிளட்சில் ஒரு குறையும் இல்லை என்று அம்மா அறிவித்தாள். சர்ச் சரிவில் பாதி இறங்கியதும் வண்டியை நிறுத்தினாள், முன்னால் ஒன்றும் இல்லை. மறுபடி கொஞ்சம் இறங்கி மறுபடி நிறுத்தினாள். மூன்றாவது முறை, படகுத்துறைக்கு நல்ல தூரம் இருக்கும்போதே நிறுத்தினாள், அப்பா பொறுக்கமாட்டாமல் முன்னால் குனிந்து, 'இப்போ எதுக்கும்மா நிறுத்தினே?' என்று கேட்டார். அம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்து, 'நிக்குதே சிக்ஸ்டன், அதுக்குத்தான்' என்றாள்.

அம்மாவின் முத்தங்களும் அப்பாவின் ஆசிகளும் உனக்கு. கடல் தாண்டி இருந்தாலும் உன் வழி நல்லபடியாக இருக்கட்டும், போகிற இடத்தில் நல்ல மனிதர்கள் அமையட்டும் என்று இரண்டு பேரும் சொல்லச் சொன்னார்கள். அப்பா ஒன்றை மறக்காமல் எழுதச் சொன்னார்: நீ மலைப்பாதையில் வேலைக்குப் போகிறவன், நெடுநாள் நின்ற எந்த வண்டியில் ஏறினாலும் சாவியைத் திருப்புவதற்கு முன் பிரேக்கை மிதித்து அறுபது எண்ண வேண்டும், இருபதோடு விடக்கூடாது. அம்மா சொன்னது, தாளில் பதில் எழுது, அவள் அதை வேலைப் பையில் வைத்துக்கொள்வாளாம். பேக்கிங் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், திருப்பிப் பார்.

அப்பா சிக்ஸ்டன் (இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருந்தாலும் அவருடையதுதான்), அம்மா குன்னெல்,
எழுதியவள், உன் அன்புத் தங்கை தூவா