பெல்ட்டின் முதுகில் ஒரு தேதி

அச்சாவோ,
22 செப்டம்பர் 1996

அன்புள்ள ஆர்செனியோவுக்கு,

எதுவினா எழுதுகிறேன். நானும் மகள் இர்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். தெற்கே உங்கள் ஆட்டுப் பண்ணையில் இன்னும் குளிர் விடவில்லை என்று, உங்களோடு வேலை செய்யும் நொல்பெர்தோ ஊருக்கு வந்தபோது சொன்னான். நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள்கிறீர்களா?

இங்கே பதினொரு நாளாக மழை. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கோழிகளில் நான்கைப் பருந்து கொண்டுபோனது. உங்கள் தங்கை வழக்கம்போல வேலியோரம் நின்றுகொண்டு, "என்ன அண்ணி, இந்த வருசமும் எங்கண்ணன் கடுதாசியிலதான் உருளைக்கிழங்கு நடப்போறாரா?" என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். மூன்று வருடமாக நடவுக்கு வருகிறேன் என்று எழுதுகிறீர்கள். நானும் அதைத் தீவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாயை அடக்கத் தெரியாதது என் குற்றம்.

நம் உழவு இயந்திரம், அந்த டில்லரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் காட்டிக் கொடுத்தபடியே அதைப் பார்த்துவந்தேன். பிளக் வயரைக் கழற்றாமல் மூடியில் கை வைத்ததில்லை. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். ஒரு விரல் தடிமனுக்கு மேல் அமுங்கினால் போல்ட்டைத் தளர்த்தி, இறுக்கும் சின்னப் புல்லியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி முடுக்குவேன். அளவுக்கு மீறி இறுக்கினால் பிடியை விட்ட பிறகும் கத்தி சுற்றும், கால் போய்விடும் என்று நீங்கள் பயமுறுத்தியது மறக்கவில்லை. அப்படித் தள்ளித் தள்ளி இந்த வருடம் போல்ட் துளையின் கடைசிக்கு வந்துவிட்டது. இனித் தள்ள இடமில்லை. ஈர மண்ணில் கத்தி இறங்கியதுமே பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் நாற்றம் வந்தது.

கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தேய்ந்து வழவழத்து, உள்பக்கம் வெடித்திருந்தது. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் உங்கள் கையெழுத்து, பாதி அழிந்து: 9-92. எந்தப் பெல்ட்டை மாட்டினாலும் அதன் வயது தெரிய வேண்டும் என்று மாதமும் வருடமும் எழுதிவைப்பீர்களே, அது. நீங்கள் வீட்டில் நின்று போட்ட கடைசி நடவு அதுதான். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் பெல்ட்டின் நம்பரை எழுதி உங்களுக்குக் கடிதம் போட்டேன். நொல்பெர்தோவிடம் கொடுத்தனுப்பினீர்கள். அட்டைப்பெட்டி புதியது, மேலே நம் நம்பர்தான். உள்ளே இருந்தது பழைய பெல்ட். நம்முடையதைவிட இரண்டு விரல் அளவு நீளம் அதிகம். எவ்வளவு இழுத்தாலும் புல்லியில் தொளதொளவென்று தொங்குகிறது. அதன் விளிம்பில் வெளிறிய மணல் ஒட்டியிருந்தது. நம் மண் கறுப்பு.

முதுகில் உங்கள் கையெழுத்து: 10-93.

அந்த அக்டோபர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குதிரை தள்ளி விலா எலும்பு முறிந்துவிட்டது, பண்ணைக் கொட்டகையில் படுத்த படுக்கையாக இருக்கிறேன், நடவுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்பது நாள் மெழுகுவத்தி ஏற்றினேன். விலா முறிந்தவர் எழுந்து யாருடைய தோட்டத்து டில்லருக்கோ பெல்ட் மாட்டி, தேதியும் எழுதியிருக்கிறார். அங்கே ஆட்டைத் தவிர எதுவும் வளராது என்று எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான்.

நடந்தது எனக்குப் புரிகிறது. இரண்டு பெல்ட் வாங்கியிருப்பீர்கள், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கழற்றிய பழையதையும் நமக்கு வாங்கியதையும் ஒரே பலகையில் வைத்திருப்பீர்கள். பெட்டியில் போடும்போது கை தவறிவிட்டது.

நொல்பெர்தோவைக் கேட்டேன். மாத்தே பானம் கொடுத்தேன், தொடவில்லை. தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றான். கடைசியில், "அண்ணன் இப்ப கொட்டாயில தங்கறதில்லைங்கக்கா. மிச்சத்த அவருகிட்டயே கேளுங்க" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடவு நாளை மாற்ற முடியவில்லை. கைகொடுக்க வருவதாகச் சொன்ன ஏழு பேரும் வந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு அப்பம் மில்காவோ சுட்டு, ஆப்பிள் கள் ஊற்றிவைத்திருந்தேன், உழுத நிலம்தான் இல்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. மண்வெட்டியால் பாதி வயலைக் கொத்தி நட்டோம். மீதிப் பாதியில் தண்ணீர் நிற்கிறது. வரும் குளிர்காலத்துக்கு அந்தப் பாதிக் கிழங்கு போதாது. பசுவை வைத்திருப்பேனா என்று தெரியவில்லை.

இர்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பெல்ட் அளவு தவறிவிட்டது, அப்பா வரும்போது சரியானதைக் கொண்டுவருவார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். பதினாறு வயதாகியும் உங்களை நம்புகிறாள். இந்த வீட்டில் ஒருத்தியாவது நம்பட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

அந்தப் பெல்ட்டை நொல்பெர்தோ வசமே திருப்பி அனுப்புகிறேன். இன்னும் ஒரு பருவம் ஓடும், அந்த வீட்டில் மாற்றாக வைத்துக்கொள்ளட்டும். மணல் மண்ணுக்கு அதிகம் இறுக்க வேண்டாம். அங்கே பிடியைப் பிடிப்பது பெண்ணாக இருந்தால், விட்டதும் கத்தி நிற்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். எனக்குப் பார்த்துக் கொடுத்தீர்களே, அப்படி.

நமக்கு வாங்கிய புதியதை அனுப்ப வேண்டாம். வேறொன்று கேட்கிறேன். தேதி எழுதுவதில் நீங்கள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதே கையால் ஒரு காகிதத்தில், நீங்கள் வரும் மாதத்தையும் வருடத்தையும் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால் காகிதத்தை வெறுமையாகவே மடித்து அனுப்புங்கள். அதைப் பார்த்து இர்மாவுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்களையும், உங்களோடு அந்தக் கூரையின் கீழ் இருப்பவர்களையும் குளிரிலிருந்து காக்கட்டும். காலுறை கிழிந்திருந்தால் எழுதுங்கள், அளவு எனக்குத் தெரியும்.

இன்னமும் உங்கள் மனைவி,
எதுவினா